அப்பாவின் கிரியாட்டினின் ஏன் குறைந்தது?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை, பிரஷர். போன ஐப்பசியில் எடுத்த ரத்தச் சோதனையில் கிரியாட்டினின் 2.3, இ.ஜி.எஃப்.ஆர். 31, பொட்டாசியம் 5.1. கிட்னி மூன்றாம் நிலையில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், குடலில் நல்ல பாக்டீரியாவைப் பெருக்கி ரத்தத்தைச் சுத்தம் செய்யும் கேப்சூல் என்று ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மாதம் 3,200 ரூபாய் ஆகிறது. இரண்டு மாதம் சாப்பிட்டதில் கிரியாட்டினின் 2.1 ஆகக் குறைந்திருக்கிறது, இ.ஜி.எஃப்.ஆர். 35. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். இதையே தொடரலாமா? டயாலிசிஸ் வராமல் இது காப்பாற்றுமா? கேப்சூலுக்குப் பதில் தயிர், பழைய சோறு போதாதா என்று அம்மா கேட்கிறார். எங்கள் சித்தப்பா டயாலிசிஸில் இருக்கிறார். கழுத்தில் டியூப் போட்டிருக்கிறார்கள். அவருக்கும் வாங்கித் தர அப்பா ஆசைப்படுகிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராத்திரியில் அடிக்கடி சிறுநீர் போகிறது என்று டபாகிளிஃப்ளோசின் மாத்திரையை அப்பா நிறுத்திவிட்டார். கேப்சூல் ஆரம்பித்தால் அது தேவைப்படாது என்று நண்பரும் சொன்னாராம். கறி, மீனையும் விட்டுவிட்டார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டிருப்பது கேப்சூலைப் பற்றி. ஆனால் முடிக்கும்போது, போகிற போக்கில் ஒரு மாத்திரையைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேதான் நின்றது. அதை முதலில் பேசிவிடுகிறேன். இந்தப் பதிலில் மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இது ஒன்று உங்கள் மனதில் தங்க வேண்டும்.

டபாகிளிஃப்ளோசின் சர்க்கரை மாத்திரை என்ற பெயரில்தான் கடைக்கு வந்தது. இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம், 31-இல் இருப்பவருக்கு அது சர்க்கரையைப் பெரிதாகக் குறைக்காது. உங்கள் டாக்டர் அதைச் சர்க்கரைக்காக எழுதியிருக்க மாட்டார். சிறுநீரகத்தைக் காப்பாற்றத்தான் எழுதியிருப்பார். அப்பா நிறுத்தியிருப்பது அவருடைய சீட்டில் இருந்த மிக முக்கியமான மருந்துகளில் ஒன்றை.

இப்போது கிரியாட்டினின் விஷயத்துக்கு வருகிறேன். அது தசையிலிருந்து வரும் கழிவு; சிறுநீரகம் வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் ஏறும். கும்பகோணத்துக்காரரான உங்களுக்குத் தேர் இழுப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நூறு பேர் இழுக்க வேண்டிய தேரை முப்பது பேர் இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர் நகரும். ஆனால் அந்த முப்பது பேரும் உயிரைக் கொடுத்து இழுப்பார்கள்; கொஞ்ச தூரம் போனதும் ஒருவர் சரிவார், பிறகு இன்னொருவர். உங்கள் அப்பாவின் சிறுநீரகத்தில் மிஞ்சியிருக்கும் வடிகட்டிகளின் நிலை இதுதான். சர்க்கரை நோய் அந்த வடிகட்டிகளுக்குள் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. அந்த அழுத்தத்தில் அவை அளவுக்கு மீறி வேலை செய்து, ஒவ்வொன்றாகத் தழும்பேறிச் சாகின்றன.

டபாகிளிஃப்ளோசின் உள்ளே நுழையும் ரத்தக் குழாயைச் சற்றே இறுக்கி, அந்த அழுத்தத்தைத் தணிக்கிறது. இழுப்பவர்களை நிதானமாக இழுக்கச் சொல்கிறது. தேர் கொஞ்சம் மெதுவாகும். அதாவது, மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் லேசாக ஏறும், இ.ஜி.எஃப்.ஆர். லேசாக இறங்கும். மாத்திரையை நிறுத்தினால் மறுபடி அழுத்தம் ஏறும், வேகம் கூடும், கிரியாட்டினின் இறங்கும். காகிதத்தில் பார்க்க அழகாக இருக்கும். உள்ளே வடிகட்டிகள் பழையபடி சாகத் தொடங்கியிருக்கும்.

நான் ஊகமாகச் சொல்லவில்லை. 4,304 பேரிடம் நடந்த டாபா சி.கே.டி. என்ற ஆய்வு 2020-இல் வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களுக்கு முதல் இரண்டு வாரத்தில் இ.ஜி.எஃப்.ஆர். சராசரியாக நான்கு புள்ளி இறங்கியது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு ஒரு புள்ளிக்கும் குறைவாகவே இறங்கியது. இந்த இடத்தில் யாராவது ஆய்வை நிறுத்தியிருந்தால், மருந்து கிட்னியைக் கெடுக்கிறது என்றே எழுதியிருப்பார்கள். அதன் பிறகுதான் கதை மாறியது. வெற்று மாத்திரைக்காரர்கள் வருடத்துக்கு 3.6 புள்ளி வீதம் இழந்துகொண்டே போனார்கள். மருந்து எடுத்தவர்கள் இழந்தது வருடத்துக்கு 1.7 புள்ளிதான். சிறுநீரகம் பாதிக்கு மேல் சரிவது, டயாலிசிஸ் வரை போவது, சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ உயிர் போவது, இவை மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது 39 சதவீதம் குறைவு. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே முடித்துக்கொண்டார்கள்.

உங்கள் அப்பாவின் கணக்கைப் பாருங்கள். 31 இருந்தது, 35 ஆகியிருக்கிறது. நான்கு புள்ளி. மாத்திரையை நிறுத்தினால் எவ்வளவு ஏறும் என்று எதிர்பார்ப்போமோ, ஏறக்குறைய அதே அளவு.

கறி, மீனை விட்டதும் சேர்ந்திருக்கும். சமைத்த இறைச்சியில் கிரியாட்டினின் உண்டு; கறிக்குழம்பு சாப்பிட்ட சில மணி நேரத்தில் ரத்தம் கொடுத்தால் எண் கூடுதலாகவே வரும். போதாததற்கு, ஒரே ஆளுக்கு ஒரே லேபில் அடுத்தடுத்து எடுத்தாலும் பத்து சதவீதம் வரை முன்பின் வருவது சாதாரணம். 2.3-க்கும் 2.1-க்கும் உள்ள வித்தியாசம் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆக, அப்பாவின் எண் இறங்கியதற்கு மூன்று காரணம் கண்முன்னே இருக்கிறது. கேப்சூலுக்கு அந்தப் புகழைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டிலும் ஒரு சோதனை இல்லை. காலையில் முதலில் போகும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் பார்ப்பது. சிறுநீரகத்தில் எவ்வளவு புரதம் ஒழுகுகிறது என்று அது காட்டும். அப்பாவின் சிறுநீரகம் எந்தப் பக்கம் போகிறது என்பதை, 2.3-க்கும் 2.1-க்கும் உள்ள வித்தியாசத்தைவிட அந்த எண் நம்பும்படி சொல்லும். அடுத்த முறை கேட்டு எடுங்கள்.

இனி கேப்சூல். அதை விற்பவர் சொல்லும் கதையில் பாதி உண்மை என்பதால்தான் படித்தவர்களும் நம்புகிறார்கள். அந்த உண்மைப் பாதியை நானும் மதிக்கிறேன்.

சிறுநீரகம் தளர்ந்தால் யூரியா ரத்தத்தில் தேங்கும். அங்கிருந்து குடலுக்குள்ளும் கசியும். குடலில் உள்ள சில பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை உடைத்து அமோனியாவாக்குகின்றன. டயாலிசிஸ் தள்ளிப்போன நோயாளி பக்கத்தில் வந்து பேசும்போது வாயில் ஒரு காரமான மூத்திர நெடி அடிக்குமே, அது இதே வகை வேலைதான். எச்சிலில் கசியும் யூரியாவை வாயில் உள்ள பாக்டீரியா உடைக்கிறது. குடலில் அமோனியா கூடினால் உட்சுவரின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் இணைப்புகள் தளரும். யூரியாவைத் தின்று வாழும் பாக்டீரியா பெருகும், நாரை நொதிக்க வைத்துக் குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா குறையும்.

அதோடு முடிவதில்லை. நாம் சாப்பிடும் புரதத்தில் செரிக்காமல் மிஞ்சியது பெருங்குடலுக்கு வரும்போது, பாக்டீரியா அதை உடைத்து இண்டோல், பி-கிரெசால் என்ற பொருள்களை உண்டாக்குகிறது. கல்லீரல் அவற்றை இண்டாக்சில் சல்ஃபேட், பி-கிரெசில் சல்ஃபேட் என்று மாற்றி அனுப்பும். நல்ல சிறுநீரகம் இரண்டையும் வெளியே தள்ளிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தால் முடியாது. இந்த நச்சுகள் ரத்தத்தில் அல்புமினோடு ஒட்டிக்கொண்டு திரிவதால் டயாலிசிஸ் மெஷினும் அவற்றைச் சரியாக எடுப்பதில்லை.

இதைக் கண்ணால் பார்த்த நாள் எனக்கு ஒன்று உண்டு. வார்டில் ஒரு பாட்டி, பல வாரமாகச் சிறுநீர்க் குழாய் போட்டுப் படுத்திருந்தார். ஒரு நாள் காலை நர்ஸ் ஓடிவந்து, "சார், யூரின் பேக் ஊதா ஆயிடுச்சு" என்றார். போய்ப் பார்த்தால் பை முழுக்கக் கத்திரிப்பூ நிறம். பாட்டியின் மகள் அழுதுகொண்டு நிற்கிறார். பாட்டிக்கு ஆறு நாளாக மலம் போகவில்லை. குடலில் தேங்கிய புரதம் இண்டோலாகி, கல்லீரலில் இண்டாக்சில் சல்ஃபேட்டாகி, சிறுநீரில் இறங்கி, குழாயில் குடியிருந்த கிருமிகளால் உடைந்து நீலமும் சிவப்புமாக மாறியிருக்கிறது. அந்த நீலம் வேறெதுவும் இல்லை, இண்டிகோ. விழுப்புரம் பக்கம் அவுரி பயிரிட்டு எடுக்கிறார்களே, அதே சாயம். குழாயை மாற்றி, மருந்து கொடுத்து, மலம் போக வைத்ததும் நிறம் தெளிந்தது. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன உறவு என்று மாணவர்கள் கேட்டால் இன்றும் அந்தப் பையைத்தான் சொல்கிறேன்.

அதனால், குடலைச் சரிசெய்தால் சிறுநீரகத்துக்கு நல்லது நடக்கலாம் என்ற எண்ணத்தில் தவறே இல்லை. உலகம் முழுக்க நேர்மையான ஆய்வாளர்கள் இதில் உழைக்கிறார்கள். ஆனால் நடக்கலாம் என்பதற்கும் இந்தக் கேப்சூலால் நடந்துவிட்டது என்பதற்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் உடம்பில் உள்ள பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலும் எல்லாம் பெருங்குடலில்தான். ஒரு கேப்சூலில் மூவாயிரம் கோடி இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருந்தால் மலைப்பாக இருக்கும். மொத்தத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் இரைப்பை அமிலத்தைத் தாண்டிப் பிழைத்து வருவது கொஞ்சம். வந்தவையும் அங்கே நிரந்தரமாகக் குடியேறுவதில்லை. கேப்சூலை நிறுத்திய சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் பெரும்பாலானவருக்கு மறைந்துவிடுகின்றன. குடலில் யூரியாவும் அமோனியாவும் அப்படியே இருக்க, நார் இல்லாமல் இருக்க, மேலே மட்டும் நல்ல பாக்டீரியாவைத் தூவினால் உவர் நிலத்தில் விதைத்த மாதிரிதான்.

யூரியா குறைகிறதே என்று சிலர் ரிப்போர்ட் காட்டுவார்கள். குறையலாம். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஓர் ஆய்வு 2010-இல் வந்தது. நான்கு நாடுகளில் 46 பேர். அவர்களில் 29 பேருக்கு ரத்த யூரியா குறைந்தது. அந்தக் கேப்சூலில் இருந்தவற்றில் ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். தயிர் வகைகளில் இருப்பதுதான், யூரியாவைத் தின்னக்கூடியது. யூரியாவைத் தின்னும் பாக்டீரியாவைக் கொடுத்தால் யூரியா கொஞ்சம் குறைவதில் வியப்பில்லை. அதனால் சிறுநீரகம் பிழைத்தது என்று 46 பேரை ஆறு மாதம் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

பிரிஸ்பேனில் 2016-இல் வெளியான இன்னோர் ஆய்வை நல்ல முறையில் செய்தார்கள். 37 பேர். பாக்டீரியாவும் அதற்கான நார் உணவும் கலந்து கொடுத்தார்கள். பி-கிரெசில் சல்ஃபேட் குறைந்தது, பாக்டீரியாக் கூட்டமும் நல்ல பக்கமாக மாறியது. ஆனால் இண்டாக்சில் சல்ஃபேட் குறிப்பிடும்படி குறையவில்லை. சிறுநீரில் அல்புமின் ஒழுகுவது சற்றுக் கூடியிருந்தது. விற்பவர்கள் முதல் வரியை மட்டும் படித்துக் காட்டுவார்கள்.

எல்லா ஆய்வுகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் குழு 2023-இல் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டது. 45 ஆய்வுகள், 2,266 நோயாளிகள். டயாலிசிஸைத் தள்ளிப்போடும், சிறுநீரகத்தைக் காக்கும் என்று சொல்லத் தகுந்த சான்று கிடைக்கவில்லை. பெரும்பாலான ஆய்வுகள் சிறியவை, குறுகிய காலத்தவை. எண்களைத்தான் அளந்தன, நோயாளிக்கு முக்கியமானதை அளக்கவில்லை.

எண் குறைந்தால் போதாதா என்று கேட்பீர்கள். இதற்கு ஜப்பானிலிருந்து ஒரு பாடம் உண்டு. குடலிலேயே இண்டோல் போன்றவற்றை உறிஞ்சிக்கொள்ளும் சுத்திகரித்த கரி உருண்டைகளை 1991 முதல் அங்கே மருந்தாகவே கொடுத்து வருகிறார்கள். ஏ.எஸ்.டி.-120 என்று பெயர். கடுகைவிடச் சிறிய கறுப்பு மணிகள். ரத்தத்தில் இண்டாக்சில் சல்ஃபேட் உண்மையாகவே குறைந்தது. எல்லோரும் நம்பினோம். பிறகு வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஐரோப்பா என்று 2,035 பேருக்குக் கொடுத்துப் பார்த்த எபிக் ஆய்வுகளின் முடிவு 2015-இல் வந்தது. சிறுநீரகம் சரியும் வேகத்தில் வெற்று மருந்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. நச்சைக் குறைத்தும் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த முடிவைப் படித்த நாளிலிருந்து, ஒரு எண் குறைந்ததை மட்டும் காட்டி யார் எதை விற்க வந்தாலும் நான் தள்ளியே நிற்கிறேன். அதற்கு முன் நானே சிலருக்கு இப்படிப்பட்ட கேப்சூல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கெடுதல் இல்லையே என்று நினைத்தேன். அவர்களில் ஒரு விவசாயி, கேப்சூல் வாங்கியதால் காசு போதவில்லை என்று பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது தெரிந்த அன்றோடு எழுதுவதை விட்டேன்.

அப்பாவிடம் உள்ள பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டுச் சட்டப்படி இவை மருந்து அல்ல, உணவுத் துணைப்பொருள். "நாட் ஃபார் மெடிசினல் யூஸ்" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். மருத்துவத்துக்கு அல்ல என்று பொருள். நோயைக் குணமாக்கும் என்று பெட்டியில் எழுத அவர்களுக்கு அனுமதி இல்லை. அதனால்தான் எழுத முடியாததை நண்பர்கள் வாயாலும் வாட்ஸ்அப்பிலும் சொல்ல வைக்கிறார்கள். அப்படியே உள்ளடக்கப் பட்டியலையும் வாசியுங்கள். பாக்டீரியாவோடு மூலிகைச் சாறு, பொட்டாசியம், மக்னீசியம் என்று ஏதாவது சேர்த்திருந்தால், பொட்டாசியம் ஏற்கெனவே சற்றுக் கூடி 5.1-இல் உள்ளவருக்கு அது அன்றோடு நிற்க வேண்டும்.

சித்தப்பாவுக்குக் கட்டாயம் வேண்டாம். இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை. கழுத்தில் உள்ள டியூபின் முனை இதயத்தின் வாசலில் இருக்கிறது. இந்தப் பொருள்களில் சில, சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட் கலந்தவை. கேப்சூலைப் பிரித்தாலோ, சாஷே என்ற பொடிப் பொட்டலத்தைக் கிழித்தாலோ மாவு பறக்கும். கண்ணுக்குத் தெரியாது, கையில் ஒட்டும், கட்டிலில் படியும். அந்தக் கையால் டியூபின் மூடியைத் தொட்டால் ஈஸ்ட் நேராக ரத்தத்துக்குள் போகும். இப்படி ரத்தத்தில் பூஞ்சைத் தொற்று வந்து உயிர் போனவர்கள் உண்டு. அதனால்தான் ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2017-இல், சித்தப்பாவைப் போல மையச் சிரையில் குழாய் உள்ளவர்களுக்கும் எதிர்ப்பு சக்தி குன்றியவர்களுக்கும் இந்த ஈஸ்ட்டைக் கொடுக்கவே கூடாது என்றது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களும் இதில் அடக்கம். லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியாவும் அரிதாக ரத்தத்தில் கலந்து காய்ச்சல் வந்தது உண்டு. சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து அப்பா தனக்காகக்கூட கேப்சூலையோ சாஷேயையோ பிரிக்க வேண்டாம்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி அதுதான்.

தயிரும் பழைய சோறும் கிரியாட்டினினைக் குறைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குடலுக்கு நல்லதைச் செய்ய இரண்டு வழி உண்டு: பாக்டீரியாவை உள்ளே அனுப்புவது ஒன்று, ஏற்கெனவே இருப்பதற்கு நல்ல தீனி போடுவது இன்னொன்று. இரண்டாவதில்தான் எனக்கு நம்பிக்கை. நார் கிடைத்தால் பாக்டீரியா நாரை மேயும். கிடைக்காவிட்டால் புரதத்தை மேய்ந்து இண்டோல் உண்டாக்கும். நம் ஆட்கள் கிட்னிப் பத்தியம் என்றதும் காய், கீரை, பழம் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தி, வெள்ளைச் சோறும் ரசமுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். பொட்டாசியத்துக்குப் பயந்து செய்வது புரிகிறது. அதில் நாரும் போய்விடுகிறது, மலச்சிக்கல் வருகிறது.

மலச்சிக்கலை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 35 லட்சம் பேரின் பதிவுகளை அலசி 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. மலச்சிக்கல் உள்ளவர்களுக்குச் சிறுநீரக நோய் வருவது 13 சதவீதம் கூடுதலாக இருந்தது. மலச்சிக்கல்தான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொட்டாசியத்தில் ஒரு பகுதி மலத்தோடுதான் வெளியேறுகிறது; அதற்காகவே அன்றாடம் வயிறு கழிய வேண்டும். அப்பாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

சாப்பாட்டில் இப்படிச் செய்யலாம். புடலங்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், கோவைக்காய், முட்டைக்கோஸ் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். தண்ணீரோடு பொட்டாசியம் போகும், நார் காயிலேயே தங்கும். பழத்தில் ஆப்பிள், பேரிக்காய், பப்பாளி, அன்னாசி என்று நாளுக்கு ஒரு சின்னக் கிண்ணம். சர்க்கரை இருப்பதால் அதற்கு மேல் வேண்டாம். இளநீர், வாழைத்தண்டுச் சாறு, பழச்சாறு எதுவும் கூடாது. கிட்னிக்கு நல்லது என்று யார் சொன்னாலும் 5.1 பொட்டாசியத்தோடு அவை ஆபத்து. புரதம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம், அப்பா 64 கிலோ என்றால் சுமார் 50 கிராம். முழுதாகக் கறி, மீனை விட வேண்டிய கட்டாயம் இல்லை, ஒரு துண்டு மீன் சாப்பிடலாம். அரைப் பட்டினி கிடந்து சதை கரைந்தாலும் கிரியாட்டினின் இறங்கும். அது நமக்கு வேண்டாத இறக்கம்.

உப்புப் போடாத மோர் ஒரு டம்ளர், மதியம் ஒரு கிண்ணம் தயிர், தாராளமாக. பழைய சோறும் ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிடலாம். அரிசியில் பொட்டாசியம் குறைவு. எனக்குப் பயம் பழைய சோற்றில் இல்லை, தொட்டுக்கொள்வதில்தான். ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, அப்பளம். நாள் முழுக்க ஐந்து கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன். அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். சின்ன வெங்காயத்தோடு சாப்பிடட்டும், அதில் பாக்டீரியாவுக்குப் பிடித்த நாரும் இருக்கிறது.

இதற்கும் மலம் இளகாவிட்டால் ஈசப்கோல் உமி ஒரு ஸ்பூன், தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். லாக்டுலோஸ் சிரப் டாக்டர் எழுதித் தருவார். மக்னீசியம் கலந்த பேதி மருந்தைக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம், அது தளர்ந்த சிறுநீரகத்தில் தேங்கும். இன்னொன்று, நம் வீடுகளில் கேஸ் மாத்திரை என்று வருடக்கணக்கில் காலையில் போடுகிறார்களே, அதுவும் குடல் பாக்டீரியாவை மாற்றுகிறது. அப்பா போடுகிறார் என்றால் இன்னும் தேவைதானா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

காசைப் பற்றியும் சொல்கிறேன், மாதம் 3,200 ரூபாய் ஓய்வு பெற்றவர் வீட்டில் சின்னத் தொகை இல்லை. டபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்துவிட்டதால் பல கம்பெனிகள் அதைத் தயாரிக்கின்றன. ஒரு மாத்திரை பத்து ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. மக்கள் மருந்தகத்தில் விசாரித்துப் பாருங்கள், இன்னும் குறையும். கேப்சூலுக்குப் போகும் பணத்தில் அந்த மாத்திரை, சிறுநீர்ச் சோதனை, வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷின் எல்லாமே அடங்கிவிடும்.

ஆனால் அப்பாவிடம் பேசும்போது பணத்தில் தொடங்காதீர்கள். நண்பரைத் திட்டவும் வேண்டாம். பதினைந்து வருடமாக ஏறிக்கொண்டே இருந்த ரிப்போர்ட்டில் முதல் முறையாக ஒரு எண் இறங்கியிருக்கிறது. அந்த மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நினைத்துப் பாருங்கள். ராத்திரி சிறுநீர் போகிற தொல்லையும் உண்மையான தொல்லை. மாத்திரையைக் காலையிலேயே போட்டு, இரவு ஏழு மணிக்கு மேல் தண்ணீரைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். பிறப்புறுப்பில் அரிப்பு இருந்ததா என்றும் கேளுங்கள். இந்த மாத்திரையில் பூஞ்சை வருவதுண்டு, ஆண்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். சிறுநீர் கழித்ததும் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் வராது, வந்தால் களிம்பு இருக்கிறது.

இந்த வாரமே பழைய டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கேப்சூல் பெட்டி, நிறுத்திய மாத்திரை அட்டை, இரண்டு ரிப்போர்ட், எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள், மறைக்காமல் சொல்லுங்கள். நீங்களாகவே மாத்திரையைத் தொடங்க வேண்டாம். பொட்டாசியமும் பிரஷரும் பார்த்துவிட்டு அவர் சொல்லட்டும். மறுபடி ஆரம்பித்த பிறகு வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் என்று வந்தால் மாத்திரையை அந்த நாட்களில் மட்டும் நிறுத்தி, டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஆபரேஷன் ஏதாவது வந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாத்திரை தொடங்கி மூன்று, நான்கு வாரத்தில் ரத்தம் எடுப்பார்கள். அப்போது கிரியாட்டினின் மறுபடி 2.3 என்று வரலாம், 2.4 கூட வரலாம். பார்த்தாயா, கேப்சூலை நிறுத்தியதும் ஏறிவிட்டது என்று நண்பர் சொல்வார், அப்பாவும் நம்புவார். அதனால் லேபுக்குக் கிளம்புவதற்கு முன்பே, அன்று காலை காபி குடிக்கும்போது, எண் கொஞ்சம் ஏறித்தான் வரும், எதிர்பார்த்த ஏற்றம்தான், மருந்து வேலை செய்கிறது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். 2.8, 3 என்று தாவினால் மட்டும் அன்றே டாக்டரைப் பாருங்கள்.